நான்கு நாள் டோக்கியோ: கியோத்தோவை விடுங்கள், முழங்காலைப் பாருங்கள்

திருச்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நவம்பர் கடைசி வாரத்தில் குடும்பத்தோடு டோக்கியோ போகிறார்கள். அவர், கணவர், ரயில் பைத்தியமான 11 வயது மகன், 67 வயது மாமியார். வந்து போகும் நாட்களைக் கழித்தால் கையில் முழுதாக 4 நாள். முதல் நாள் அசாகுசா, ஸ்கைட்ரீ, அகிஹபாரா, ஷிபுயா, ஷின்ஜுகு. இரண்டாம் நாள் புல்லட் ரயிலில் கியோத்தோ போய்விட்டு இரவே திரும்புவது. மூன்றாம் நாள் ஃபூஜி மலையும் ஹகோனேவும். நான்காம் நாள் டிஸ்னிலேண்ட் என்று வீடியோக்களைப் பார்த்து ஒரு பட்டியல் போட்டிருக்கிறார். மாமியாருக்கு முழங்கால் வலி, சுத்த சைவம், முட்டையும் ஆகாது. "இந்தத் திட்டம் சரிப்படுமா, ஜேஆர் பாஸ் எடுக்கலாமா, எந்தப் பக்கம் ரூம் போடுவது, மாமியார் சாப்பாட்டுக்கு என்ன வழி?" என்று கேட்டிருக்கிறார்.

சகோதரி, ஜப்பானுக்கு ஆட்களை அனுப்பி வைப்பதுதான் என் தொழில் என்பதால் நேராகவே சொல்லிவிடுகிறேன். இந்தத் திட்டம் சரிப்படாது. ஒவ்வொரு இடமும் நல்ல இடம்தான், ஆனால் உங்கள் நான்கு பேரையும் வைத்துக்கொண்டு இந்த வரிசையில் போனால் மூன்றாம் நாள் காலை மாமியார் "நீங்க போயிட்டு வாங்க, நான் ரூம்லயே இருக்கேன்" என்று சொல்லிவிடுவார். அதற்கா அவ்வளவு தூரம் அழைத்துப் போகிறீர்கள்?

டோக்கியோவில் நேரத்தைத் தின்பது ரயில் பயணம் இல்லை, ரயில் நிலையம். வரைபடத்தில் ஷின்ஜுகுவிலிருந்து ஷிபுயாவுக்கு 7 நிமிடம் என்று காட்டும். உண்மைதான், வண்டி 7 நிமிடத்தில் போய்விடும். ஆனால் ஷின்ஜுகு நிலையத்துக்கு 200-க்கும் மேல் வாசல்கள், ஒரு நாளைக்கு 30 லட்சம் பேருக்கு மேல் புழங்கும் இடம் அது. தப்பான வாசலில் வெளியே வந்துவிட்டால் சுற்றி வர 20 நிமிடம் ஆகும், அதில் பாதி படிக்கட்டாக இருக்கும். அநேகமாக எல்லா நிலையங்களிலும் லிஃப்ட் உண்டு, ஆனால் எல்லா வாசலிலும் இல்லை. கூகுள் மேப்பில் சக்கர நாற்காலி வசதியுள்ள பாதை என்ற தேர்வைப் போட்டுவிட்டுத் தேடினால் லிஃப்ட் உள்ள வழியாகப் பார்த்துக் காட்டும். மாமியாருக்காக இதை முதல் நாளே செய்துவிடுங்கள். சாதாரணமாகச் சுற்றிப் பார்க்கும் ஒருவரே டோக்கியோவில் ஒரு நாளைக்கு 20,000 காலடி எடுத்து வைத்துவிடுவார். அதனால் என் கணக்கு இதுதான்: ஒரு நாளைக்கு ஊரின் ஒரே பக்கம், ஒரு நாளைக்கு இரண்டு பெரிய இடம், நடுவில் உட்கார்ந்து போகிற மாதிரி ஒரு பயணம்.

கியோத்தோவை இந்த முறை விட்டுவிடுங்கள். நொசோமி என்ற வேகமான புல்லட் ரயிலில் ஒரு வழிக்கே இரண்டேகால் மணி நேரம், ஒருவருக்குப் போக மட்டும் சுமார் 14,000 யென். காலை 7 மணிக்குக் கிளம்பினாலும் கோயில் வாசலுக்குப் போய்ச் சேர 10:30 ஆகும், நவம்பர் கடைசியில் அங்கே மாலை 4:45 மணி சுமாருக்குச் சூரியன் மறைந்துவிடும். இலையுதிர்காலச் சிவப்பு இலைகளைப் பார்க்கக் கியோத்தோவுக்கு நாடே கிளம்பி வருகிற நேரம் வேறு. வெளிச்சத்தில் கிடைக்கிற அந்த ஆறு மணி நேரத்தையும் பஸ் வரிசையில் கழிப்பீர்கள். கியோத்தோ தனியாக மூன்று நாள் கொடுத்துப் பார்க்க வேண்டிய ஊர்.

கியோத்தோவை விட்டுவிட்டால், ஜேஆர் நிறுவன ரயில்களில் குறிப்பிட்ட நாட்களுக்குக் கணக்கில்லாமல் போய்வர உதவும் ஜேஆர் பாஸும் தேவையில்லாமல் போகிறது. 2023 அக்டோபரில் 7 நாள் பாஸின் விலையை 29,650 யெனிலிருந்து ஒரே அடியாக 50,000 ஆக்கிவிட்டார்கள். டோக்கியோவுக்குள் சுற்ற அது வேண்டவே வேண்டாம். ஆளுக்கு ஒரு சுயிகா கார்டு எடுத்து, மெஷினில் ரொக்கமாக யென் போட்டுக்கொண்டால் ரயில், பஸ், கடை எல்லாவற்றுக்கும் அதைத் தட்டினால் போதும். ஒரு கார்டை இரண்டு பேர் பங்கு போட முடியாது, உள்ளே நுழைந்த கார்டுதான் வெளியே வர வேண்டும். உங்கள் மகனுக்கு 11 வயது என்பதால் பாதிக் கட்டணம்தான், ஆனால் அதற்குக் குழந்தைகள் கார்டாகக் கேட்டு வாங்க வேண்டும், பாஸ்போர்ட்டைக் காட்டச் சொல்வார்கள்.

அறை எங்கே என்று கேட்டால், உங்களுக்கு நான் உவேனோவைத்தான் சொல்வேன். வீடியோக்காரர்கள் எல்லோரும் ஷின்ஜுகு என்பார்கள், இரவு வெளிச்சமும் ஆரவாரமும் வேண்டும் என்கிற இளவட்டங்களுக்கு அது சரி. உவேனோவுக்கு நரிதா விமான நிலையத்திலிருந்து ஸ்கைலைனர் வண்டி முன்பதிவு இருக்கையோடு 40-45 நிமிடத்தில் நேரே வந்து நிற்கிறது. நகரைச் சுற்றி வரும் யாமனோதே வட்ட ரயில் அங்கே நிற்கும், ஷிங்கான்சென் என்கிற புல்லட் ரயில் நிற்கும், சுரங்க ரயிலில் கின்சா லைன் நிற்கும். அந்த கின்சா லைன்தான் ஜப்பானின் முதல் சுரங்க ரயில்; 1927-ல் உவேனோவுக்கும் அசாகுசாவுக்கும் இடையேதான் முதலில் ஓட்டினார்கள். பழைய லைன் என்பதால் நடைமேடை அதிக ஆழத்தில் இல்லை, இறங்கி ஏறும் படிகள் குறைவு. முழங்கால் வலிக்காரர்களுக்கு இது பெரிய விஷயம். அறைகள் சின்னதாகத்தான் இருக்கும், 13-15 சதுர மீட்டர் என்றால் அங்கே சாதாரணம். நான்கு பேர் ஒரே அறையில் என்று தேடாமல், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அறைகளாகப் போட்டுவிடுங்கள்.

சரி, நாட்களுக்கு வருவோம்.

முதல் நாள் கிழக்குப் பக்கம். கின்சா லைனில் 5 நிமிடத்தில் அசாகுசா. காலை 8 மணிக்கே சென்சோஜி கோயிலுக்குப் போய்விடுங்கள். 10 மணிக்கு மேல் அந்த நகமிசே கடைத்தெருவில் கூட்டம் நெருக்கித்தள்ளும். 628-ல் இரண்டு மீனவச் சகோதரர்களின் வலையில் கருணைத் தெய்வமான கன்னோனின் சிலை சிக்கியதிலிருந்து கோயில் தொடங்கியதாக ஐதீகம். இப்போது நீங்கள் பார்க்கும் பெரிய மண்டபம் 1945 குண்டுவீச்சில் எரிந்து, 1958-ல் திரும்பக் கட்டியது. அங்கே மாமியாரை ஒமிகுஜி எடுக்கச் சொல்லுங்கள். 100 யென் போட்டுவிட்டு, கனமான உலோகக் குடுவையைக் கவிழ்த்துக் குலுக்கினால் சின்னத் துளை வழியாக ஒரு குச்சி வெளியே வரும், அதிலிருக்கும் எண்ணைப் பார்த்து எதிரே சுவர் நிறைய இருக்கும் மர இழுப்பறைகளில் அதே எண்ணைத் திறந்தால் பலன் எழுதிய சீட்டு, ஆங்கிலத்திலும் இருக்கும். நம் கோயில்களில் சீட்டுப் போட்டுப் பார்ப்பவர்களுக்கு உடனே ஒட்டிக்கொள்ளும். இந்தக் கோயிலில் கெட்ட பலன் நிறையவே வரும் என்பது ஊரறிந்த விஷயம், வந்தால் பதற வேண்டாம், அங்கேயே இருக்கும் கம்பியில் சீட்டைக் கட்டிவிட்டு வந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் ஸ்கைட்ரீ மேலே ஏற வேண்டாம் என்பது என் கருத்து. 634 மீட்டர் கோபுரத்தை அசாகுசா ஆற்றங்கரையிலிருந்து பார்ப்பதே அழகு. அந்தப் பணத்துக்குச் சுமிதா ஆற்றில் படகு ஏறுங்கள். அசாகுசாவிலிருந்து ஒதாய்பா வரை போகும் ஹிமிகோ என்ற படகை மாங்கா எனும் ஜப்பானியச் சித்திரக்கதை ஓவியர் லெய்ஜி மட்சுமோட்டோ வடிவமைத்தார், விண்கலம் மாதிரி இருக்கும், பையனுக்குப் பிடிக்கும். தினமும் சில நடைதான், ஓடாத நாளும் உண்டு என்பதால் முன்கூட்டியே பார்த்துப் பதிவு செய்யுங்கள். பாலங்களுக்கு அடியில் உட்கார்ந்தபடியே கிட்டத்தட்ட ஒரு மணி நேரம், மாமியாருக்கும் ஓய்வு. ஒதாய்பாவில் கடலோரமாக மதியத்தைக் கழித்துவிட்டு, 4 மணி சுமாருக்கு யுரிகமோமே ரயிலில் ஏறுங்கள். அதற்கு ஓட்டுநர் கிடையாது. முதல் பெட்டியின் முன்வரிசையில் பையனை உட்கார வையுங்கள், அந்த இடத்துக்காக ஒரு வண்டியை விட்டுவிட்டு அடுத்த வண்டிக்கு நின்றாலும் தகும், அந்தி வெளிச்சத்தில் ரெயின்போ பாலத்தின் மேல் வளைந்து ஏறும்போது அவன் முகத்தைப் பாருங்கள். ஷிம்பாஷியில் இறங்கினால் உவேனோவுக்கு நேர் வண்டி.

இரண்டாம் நாள் மேற்கு. காலை 7:30-லிருந்து 9:30 வரை அலுவலக நெரிசல், அந்த நேரத்தில் மாமியாரை யாமனோதே லைனில் ஏற்றவே ஏற்றாதீர்கள். 9:30-க்கு மேல் கிளம்பி, ஷின்ஜுகுவில் டோக்கியோ மாநகர அரசின் தலைமைக் கட்டடத்துக்குப் போங்கள். 45-ஆவது மாடி, 202 மீட்டர் உயரம், கட்டணமே கிடையாது. நவம்பர் கடைசியில் காற்று வறண்டு வானம் தெளிவாக இருக்கும் காலம், காலையில் பனித்தொப்பி போட்ட ஃபூஜி மலை மேற்கே தெரிய நல்ல வாய்ப்பு இருக்கிறது. அங்கிருந்து ஹராஜுகு இரண்டு நிறுத்தம், இறங்கினால் மெய்ஜி ஆலயம். அங்கே முக்கியம் ஆலயம்கூட இல்லை, காடுதான். ஜப்பான் முழுவதிலிருந்தும் மக்கள் அனுப்பிய சுமார் 1,00,000 மரக்கன்றுகளை நட்டு, பிறகு மனிதர் கை படாமல் தானாகவே வளர்ந்து புதுப்பித்துக்கொள்ளட்டும் என்று திட்டமிட்டே உருவாக்கினார்கள். 1920-ல் ஆலயம் திறந்தபோது கன்றாக இருந்தவை இன்று வானத்தை மறைக்கின்றன. பாதை சமதளம்தான், ஆனால் சரளைக்கல், வாக்கிங் ஸ்டிக் இருந்தால் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அங்கிருந்து ஒரு டாக்ஸி பிடித்து மெய்ஜி ஜிங்கு கையென் பக்கம் போகச் சொல்லுங்கள். டோக்கியோ டாக்ஸி என்றாலே பயப்படுகிறார்கள், நீண்ட தூரத்துக்குத்தான் அது அநியாய விலை; இந்த மாதிரிக் குட்டித் தூரத்துக்கு நான்கு பேர் சேர்ந்து ஏறினால் ரயில் செலவோடு பெரிய வித்தியாசம் வராது, மாமியாருக்கு இரண்டு நிலையப் படிகள் மிச்சம். கதவைத் தொடாதீர்கள், அதுவே திறக்கும், அதுவே மூடும். அங்கே சுமார் 300 மீட்டருக்கு 146 கிங்கோ மரங்கள் வரிசையாக நிற்கின்றன, நீங்கள் போகும் வாரத்தில்தான் அநேகமாக எல்லாம் மஞ்சளாகப் பழுத்திருக்கும். இதை உங்கள் பட்டியலில் காணவில்லை. இதற்காகவே பலர் அந்த வாரத்தில் டிக்கெட் போடுகிறார்கள், உங்களுக்குத் தானாக அமைந்திருக்கிறது, விட்டுவிடாதீர்கள். இருட்டியதும் ஷிபுயா, எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் ஒரே நேரத்தில் கடக்கும் அந்தக் குறுக்குச் சாலையை விளக்கு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், ஹச்சிகோ நாய்ச் சிலையோடு ஒரு படம், அரை மணி நேரம் போதும். திரும்பும்போது யாமனோதேவில் ஏறாமல் கின்சா லைனைத் தேடிப் போங்கள். ஷிபுயாதான் அதன் தொடக்க நிலையம், ஆகவே ஒரு வண்டி விட்டு அடுத்த வண்டிக்கு வரிசையில் முதலாவதாக நின்றால் மாலை நெரிசலிலும் உட்கார இடம் கிடைக்கும், உவேனோ வரை எழவே வேண்டாம்.

மூன்றாம் நாள் குடும்பத்தைப் பிரிக்கச் சொல்கிறேன். நாலு பேரும் எல்லா இடத்துக்கும் சேர்ந்தே போக வேண்டும் என்று நினைப்பதில்தான் பல குடும்பப் பயணங்கள் களைத்துப்போகின்றன. அப்பாவும் மகனும் உவேனோவிலேயே ஷிங்கான்சென் ஏறி ஒமியா போகட்டும். சுமார் 20 நிமிடம்தான், முன்பதிவில்லாத பெட்டிகள் உள்ள வண்டியாகப் பார்த்து ஏறினால் செலவும் கட்டுப்படி. ஒமியாவிலிருந்து ஒரே நிறுத்தத்தில் ரயில்வே அருங்காட்சியகம், பழைய நீராவி எஞ்சினிலிருந்து 1964-ல் ஓடத் தொடங்கிய முதல் ஷிங்கான்சென் வகை வரை நிஜ வண்டிகளை உள்ளே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். செவ்வாய் விடுமுறை, நுழைவுச்சீட்டு முன்கூட்டியே வாங்க வேண்டும். திரும்பும்போது உவேனோவில் இறங்காமல் டோக்கியோ நிலையம் வரை வந்து நடைமேடையில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். வண்டி வந்து ஆட்கள் இறங்கியதும் துப்புரவுக் குழு உள்ளே போய், 7 நிமிடத்துக்குள் ஒவ்வொரு இருக்கையையும் திருப்பி, துடைத்து, தலைத்துணி மாற்றி, வெளியே வந்து வரிசையாக நின்று வணங்கிவிட்டுப் போவார்கள். கியோத்தோ வரை போய் வந்தால் கிடைக்காத பொறுமையான பார்வை பையனுக்கு இங்கே கிடைக்கும். அகிஹபாராவும் அங்கிருந்து இரண்டே நிறுத்தம்.

நீங்களும் மாமியாரும் அன்றைக்கு உவேனோ பூங்காவில். ஷினோபசு குளத்துக்கு நடுவே ஒரு சின்னக் கோயில், பென்தென்தோ. அங்கே இருப்பவர் பென்சாய்தென், நம் சரஸ்வதிதான். பௌத்தத்தோடு சீனா வழியாகப் போய் அங்கே குடியேறியவர். வீணைக்குப் பதில் பிவா என்கிற நரம்பிசைக் கருவி, கோயில் முன்னால் அதற்கே ஒரு கல்வடிவம் வைத்திருக்கிறார்கள். உங்கள் மாமியார் வயதில் இருப்பவர்களை நான் அங்கே அழைத்துப் போகும்போதெல்லாம் மற்ற எந்தப் பெரிய கோயிலையும்விட அங்கேதான் நெடுநேரம் நிற்பார்கள். பக்கத்திலேயே டோக்கியோ தேசிய அருங்காட்சியகம், 1872-லிருந்து இருப்பது, திங்கள் விடுமுறை, உட்கார இடம் நிறைய உண்டு. முடிந்தால் மதியம் யாமனோதேவில் கொமகோமே போய் ரிகுகியென் தோட்டம். 1702-ல் அமைத்தது, மேப்பிள் சிவந்திருக்கும் நேரம். முழங்கால் ஒத்துழைக்காவிட்டால் அறைக்குப் போய்ப் படுத்துவிடுங்கள், குற்றமே இல்லை.

நான்காம் நாள் டோக்கியோவுக்குத் தெற்கே கடலோர ஊரான கமகுரா. ஃபூஜி, ஹகோனே இரண்டையும் மூன்றாம் நாள் ஒன்றுக்குள் போட்டிருக்கிறீர்களே, அதற்குப் பதில் இது. உவேனோவில் டோகாய்டோ லைன் வண்டியில் ஏறி, டோட்சுகாவில் அதே நடைமேடையின் எதிர்ப்பக்கம் வரும் யோகோசுகா லைனுக்கு மாறுங்கள், டோக்கியோ நிலையத்தின் ஆழச் சுரங்கத்தில் இறங்கி ஏறும் வேலை இல்லை. கொஞ்சம் கூடுதல் பணம் கொடுத்து கிரீன் கார் என்கிற உயர்வகுப்புப் பெட்டியில் ஏறினால் உட்கார்ந்து போகலாம். கமகுராவில் பெரிய புத்தர், பீடம் இல்லாமலே 11 மீட்டருக்கு மேல் உயரம், 13-ஆம் நூற்றாண்டு வெண்கலம், மண்டபம் அழிந்துபோய் 500 வருடத்துக்கும் மேலாக வெயிலிலும் மழையிலும் திறந்தவெளியில் உட்கார்ந்திருக்கிறார். அங்கே போகும் எனோடென் என்ற குட்டி ரயில் வீடுகளின் கொல்லைப்புறத்தை உரசுகிற மாதிரி போய், அப்படியே கடலோரத்துக்கு வந்துவிடும். தெளிவான நாளில் ஷிச்சிரிகஹாமா கடற்கரையிலிருந்து தண்ணீருக்கு அப்பால் ஃபூஜி தெரியும். சனி, ஞாயிறு மட்டும் கமகுரா வேண்டாம், நாட்களை மாற்றிக்கொள்ளுங்கள். பையன் டிஸ்னிக்கு அடம் பிடித்தால் இந்த நாளைத்தான் தர வேண்டும், அதற்கு முழு நாள் போய்விடும், மாமியாருக்கு அங்கே ஒன்றும் இல்லை.

இப்போது சாப்பாடு. இதைத்தான் எல்லோரும் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். ஜப்பானில் இறைச்சியைத் தவிர்ப்பது கஷ்டம் இல்லை, மீன் ரசத்தைத் தவிர்ப்பதுதான் கஷ்டம். தாஷி என்று ஒரு சாறு, காய்ந்த கட்சுவோ மீனைச் சீவிக் கொதிக்க வைத்து எடுப்பது, மிசோ சூப், நூடுல்ஸ் தண்ணீர், வேகவைத்த காய், தொட்டுக்கொள்ளும் சாறு எல்லாவற்றிலும் அது இருக்கும். "சைவம்" என்று சொன்னால் கறித்துண்டை எடுத்துவிட்டு அதே சாற்றில் கொண்டுவந்து வைப்பார்கள், அவர்கள் ஏமாற்றுவதாக நினைக்கக் கூடாது, அவர்கள் கணக்கில் அது மசாலா மாதிரி. ஆகவே இறைச்சி, மீன், முட்டை, மீன் தாஷி நான்கும் கூடாது என்று ஜப்பானிய மொழியில் ஒரு சீட்டு எழுதி ஹோட்டல் வரவேற்பில் சரிபார்த்து வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். டோக்கியோ நிலையத்தின் உள்ளேயே டீஸ் தன்தன் என்று முழுக்கத் தாவர உணவு ராமென் நூடுல்ஸ் கடை இருக்கிறது, மூன்றாம் நாள் அங்கே நால்வரும் சேர்ந்து சாப்பிடலாம். இந்திய உணவகங்கள் உவேனோ சுற்றுவட்டாரத்திலும் உண்டு, நம்மவர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் நிஷி கசாய் பக்கமும் உண்டு, ஆனால் ஒரு இட்லிக்காக அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

அவசரத்துக்குக் கன்வீனியன்ஸ் ஸ்டோர் கைகொடுக்கும். ஒனிகிரி என்கிற முக்கோணச் சோற்று உருண்டையில் உமெபோஷி, அதாவது உப்பில் ஊறிய புளிப்புக் காய், வைத்தது இருக்கும், ஊறுகாயும் சோறும் சாப்பிட்ட மாதிரிதான். அதிலும் மீன் சீவல் கலந்த வகை உண்டு, போனில் மொழிபெயர்ப்பு ஆப்பின் கேமராவை லேபிளில் காட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். உறையில் 1, 2, 3 என்று போட்டிருக்கும்; 1-ஐப் பிடித்து நடுவே கீழிறக்கிச் சுற்றிக் கிழித்து, 2, 3 மூலைகளை இருபுறமும் இழுத்தால் கடற்பாசி மொறுமொறுப்பாகச் சோற்றின் மேல் வந்து ஒட்டிக்கொள்ளும். அந்தக் குளிரில் சூப்பர் மார்க்கெட் வாசலில் சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கு சுடச்சுட விற்பார்கள், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். அசாகுசாவில் பொம்மை வடிவில் விற்கும் நிங்யோயாகி கேக்கில் முட்டை உண்டு, மாமியாருக்கு வேண்டாம். அறையில் கெட்டில் இருக்கும். அவல், உப்புமா மிக்ஸ், பருப்புப்பொடி எடுத்துப் போங்கள். பச்சைக் கறிவேப்பிலை, மாம்பழம், காய்கள் கூடாது, சான்றிதழ் இல்லாமல் விமான நிலையத்திலேயே பறிமுதல் செய்துவிடுவார்கள். இறைச்சிப் பண்டம் எதுவும் கூடவே கூடாது. கோடீன் கலந்த இருமல் மருந்து, சூடோஎஃபெட்ரின் உள்ள ஜலதோஷ மாத்திரை இவற்றிலும் ஜப்பான் கண்டிப்பு, மாமியாரின் மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு வைத்து, சந்தேகமானதை விட்டுவிட்டுப் போங்கள்.

குப்பைத்தொட்டி தெருவில் கிடைக்காது, 1995-ல் சுரங்க ரயிலில் சரின் விஷவாயுத் தாக்குதல் நடந்ததிலிருந்து பொது இடங்களில் பெரும்பாலும் எடுத்துவிட்டார்கள், கைப்பையில் ஒரு பிளாஸ்டிக் கவர் வைத்துக்கொள்ளுங்கள். ரொக்கம் தேவைப்பட்டால் செவன் இலெவன் கடை ஏடிஎம்மில் நம் கார்டு பெரும்பாலும் வேலை செய்யும், கிளம்பும் முன் வங்கியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிடுங்கள்.

விசா மின்விசாவாக வந்தால் ஒன்று கவனம்: விமான நிலையத்தில் அதை போனில் இணையத்தோடு நேரலையாகத் திறந்து காட்ட வேண்டும், ஸ்கிரீன்ஷாட்டோ பிரிண்டோ எடுபடாது. நால்வரில் யார் போனில் யாருடைய விசா என்பதையும், இணைய வசதியையும் திருச்சியில் கிளம்பும்போதே சரிபார்த்துவிடுங்கள். விமான டிக்கெட் போடும்போது நரிதாவா ஹனேதாவா என்று பார்த்து எழுதுங்கள். ஹனேதாவில் இரவு 11 மணிக்கு மேல் வந்து இறங்குவதென்றால் ரயில்கள் நள்ளிரவோடு நின்றுவிடும் என்பதால் முதல் இரவு மட்டும் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே அறை போட வேண்டியிருக்கும், அதற்கேற்ப முதல் நாள் காலையை மாற்றித் தருகிறேன்.